89 வயதில் 18 பாட்டு! பட்டி கையைத் தெரியுமா?

2025 ஜூலை 30. சிகாகோவின் ப்ளூஸ் கிட்டார் ஜாம்பவான் பட்டி கைக்கு அன்று 89 வயது நிறைந்தது. அதே நாளில் அவருடைய புது ஆல்பம் வெளிவந்தது, தெரியுமா? பேருக்கு நாலைந்து பாட்டுப் பாடி ஒப்பேற்றிய ஆல்பம் இல்லை, முழுசாக 18 பாட்டு! தலைப்பு 'எய்ன்ட் டன் வித் தி ப்ளூஸ்'. நான் இன்னும் ஓயவில்லை என்று அட்டையிலேயே அறிவித்துவிட்டார் மனிதர்.

அதில் முதல் பாட்டின் பெயர் 'ஹூக்கர் திங்'. மூத்த ப்ளூஸ் கலைஞர் ஜான் லீ ஹூக்கருக்கு ஒரு வணக்கம். ஏன் அவருக்கு முதல் மரியாதை? லூசியானாவின் லெட்ஸ்வொர்த் என்ற குக்கிராமத்தில், குத்தகை நிலத்தில் பருத்தி பறித்த ஏழைக் குடும்பத்துப் பையன் பட்டி. அவன் விரலுக்கு முதன்முதலில் பிடிபட்ட பாட்டு ஹூக்கரின் 'பூகி சில்லன்'! அதற்கும் முன்னால் அவனிடம் கிட்டாரே கிடையாது. ஜன்னலில் அடித்திருந்த கொசுவலையிலிருந்து கம்பியை உருவி, கட்டையில் இழுத்துக் கட்டி, அதையே மீட்டிக்கொண்டிருந்தான். வலையில் ஓட்டை விழுந்தால் கொசு உள்ளே வராமல் என்ன செய்யும்? வீட்டில் எல்லோரும் கடி வாங்கினார்கள், பையன் சங்கீதம் கற்றான்.

1957 செப்டம்பர் 25-ஆம் தேதி சிகாகோவில் வந்து இறங்கினார். வேலை இல்லை, கையில் காசு இல்லை, வயிற்றில் சோறு இல்லை. பசியோடு ஒரு கிளப்பில் வாசித்த இரவில் அவரைக் காரில் உட்காரவைத்து சாண்ட்விச் கொடுத்தவர் யார் தெரியுமா? மட்டி வாட்டர்ஸ்! சிகாகோ ப்ளூஸின் தலைமகனே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால், பையன் ஊர் திரும்புவானா?

அப்படி என்னதான் வாசித்தார்? கிட்டார் தந்தியை அழுத்துவதோடு நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி வளைப்பார். வீணைக்காரர் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதுபோல, ஒரு சுரம் நழுவி ஏறி அடுத்த சுரத்தைத் தொடும். அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தையும் கூட்டிவைத்துவிடுவார். ஒலி பிசிறி, கரகரத்து, ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வந்து தந்தியையே அதிரவைத்து ஊளையிடும். மற்றவர்கள் பதறிப்போய் அணைக்கிற அந்த ஊளையைத்தான் இவர் பாட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்! மேளம் அடிக்கிற குச்சியால் தந்தியைத் தட்டுவார், பல்லால் மீட்டுவார், கிட்டாரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயும் வாசிப்பார். வயர்லெஸ் இல்லாத அந்தக் காலத்தில் நீள நீளமான வயரை மாட்டிக்கொண்டு, வாசித்தபடியே கிளப்பை விட்டுத் தெருவுக்குப் போய்விடுவார்! கிட்டார் ஸ்லிம் என்ற கலைஞரைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட வித்தை அது.

ஆனால் அவர் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த செஸ் ரெக்கார்ட்ஸ் முதலாளி லெனர்ட் செஸ்ஸுக்கு இதெல்லாம் வெறும் இரைச்சல். கிளப்பில் இடி இடித்த மனிதர் ஸ்டுடியோவில் அடக்கி வாசிக்கவேண்டியதாயிற்று. 1964-இல் வந்த மட்டி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்' ஆல்பத்தில், மின்சாரமே இல்லாத கிட்டாரை அத்தனை நிதானமாக வாசித்திருப்பது இதே பட்டிதான் என்றால் நம்புவீர்களா? இவருக்குப் பழைய கிராமத்துப் பாணியும் அத்துப்படி! அப்படியும் 1967 வரை பகலில் பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் டிரக் ஓட்டித்தான் குடும்பம் நடத்தினார்.

அதற்குள் கடலுக்கு அப்பால் ஒரு கூத்து. 1965-இல் இங்கிலாந்துக்குப் போய் மூன்றே பேர் கொண்ட குழுவோடு வாசித்தார். பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் க்ளாப்டன், மூவர் மட்டும் சேர்ந்து ஒரு குழு அமைக்கலாம் என்ற எண்ணத்தை அங்கேதான் பிடித்தார். அடுத்த ஆண்டே 'க்ரீம்' பிறந்தது! 1968-இல் நியூயார்க்கில் இவர் வாசித்தபோது டேப் ரெக்கார்டரோடு வந்து முன்னால் உட்கார்ந்தவர் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். க்ரீமும் ஹெண்ட்ரிக்ஸும் அதே இரைச்சலால் உலகத்தைக் கட்டிப்போட்ட பிறகு, லெனர்ட் செஸ் ஆள் அனுப்பி இவரை வரவழைத்தார். இத்தனை நாளாக நீ சொன்னதைத்தான் நான் கேட்கவில்லை, என்னை உதைத்துவிடு என்று குனிந்து நின்றாராம்! பட்டியே பலமுறை சொல்லியிருக்கும் கதை இது. கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தப் பத்து வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

அவருடைய கிட்டாரில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஃபேஷன் என்றுதான் தோன்றும். ஊரை விட்டுக் கிளம்பும்போது, உடம்பு முடியாமல் கிடந்த அம்மாவிடம், பெரிய ஆளாகி உனக்குப் புள்ளி போட்ட காடிலாக் கார் வாங்கிவருகிறேன் என்று ஒரு பொய் சொன்னார் பட்டி. அம்மா கவலைப்படக்கூடாதே! 1968-இல் அம்மா போய்விட்டார், மகன் மேடையில் வாசிப்பதை ஒருமுறைகூடப் பார்க்காமல். அந்தப் புள்ளிகள்தான் கிட்டார் மேல் ஏறி உட்கார்ந்தன.

1980-களில் அமெரிக்காவில் இவருக்குப் பெரிய ஒலிப்பதிவு ஒப்பந்தமே இல்லை. 1991-இல் 'டேம் ரைட், ஐவ் காட் தி ப்ளூஸ்' வந்தது, கிராமி விருது கிடைத்தது. 55-ஐத் தொடும் வயதில் இரண்டாவது வாழ்க்கை! 2011-இல் மும்பை மஹிந்திரா ப்ளூஸ் விழாவின் முதல் ஆண்டிலேயே வந்து வாசித்தார். 2012-இல் வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமாவையே பாடவைத்தார். 2025-இல் ரையன் கூக்ளரின் 'சின்னர்ஸ்' படத்தின் கடைசியில் வரும் வயதான ப்ளூஸ் கலைஞர் யாரென்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் இவரேதான்.

மறுபடி அந்தப் பிறந்தநாள் ஆல்பத்துக்கு வருவோம். அதைத் தயாரித்தவர் டாம் ஹாம்பிரிட்ஜ். பட்டியோடு பல வருடம் வேலை செய்தவர், டிரம்ஸ்காரரும்கூட. ஜோ வால்ஷ், பீட்டர் ஃப்ராம்ப்டன், ஜோ பொனமாசா, பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா என்று விருந்தாளிகள் ஒரு படை. எல்லாரையும் விட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தவர் கிங்ஃபிஷ் இங்க்ரம். மிசிசிப்பியின் க்ளார்க்ஸ்டேலில் 1999-இல் பிறந்தவர், பட்டியைவிட அறுபது வயதுக்கு மேல் இளையவர்! இருவரும் சேர்ந்த பாட்டு 'வேர் யூ அட்'. ஆல்பத்தில் எதை முதலில் கேட்பது என்றால், இதையே கேளுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, எந்தக் கிட்டார் தாத்தாவுடையது, எது பேரனுடையது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!