லுக்குட்: கோலாலம்பூருக்கு வித்திட்ட எல்லைநாடு

ஒரு நாட்டின் வரலாறு அரசர்களின் வரலாறு மட்டுமன்று. அந்நாட்டின் எல்லைகளுடைய வரலாறுமாகும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், நூலாசிரியரின் பெருமையைச் சொல்வதற்கு முன்னரே தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லையைச் சொல்லித் தொடங்கினார். எல்லை தெரிந்த பின்னரே பொருள் தெளிவாகும் என்பது பண்டையோர் கொள்கை. ஆனால் எல்லைகள் என்றும் ஒரே இடத்தில் நிற்பவையல்ல. எல்லை பெயரும்பொழுது ஓர் ஊரின் வரலாறும் அதனுடன் பெயர்ந்து, தனக்குரிய இடத்தை இழந்துவிடுவது உண்டு. அத்தகைய ஊர்களுள் ஒன்று லுக்குட்.

இன்று லுக்குட், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் போர்ட் டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூராகும். கடற்கரைக்குச் செல்வோர் அதனைக் கடந்தே செல்கின்றனர். நின்று பார்ப்போர் சிலரே. ஆயினும் 1880ஆம் ஆண்டு வரையில் அது சிலாங்கூரின் தென்கோடிப் பகுதியாக, தனக்கெனத் தலைவரும் கோட்டையும் வருவாயும் உடையதாக விளங்கியது. கோலாலம்பூர் தோன்றுவதற்கு வேண்டிய ஆட்களும் அவ்வூரிலிருந்தே புறப்பட்டனர். முதலும் அவ்வூர்த் தலைவரின் துணையாலேயே கிடைத்தது.

ஆற்றை ஒட்டிய ஆட்சி

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நாடு’ என்னும் சொல் பேரரசு முழுவதையும் குறிப்பதில்லை. பல ஊர்கள் சேர்ந்த ஒரு பிரிவையே அது குறிக்கும். நாடுகள் பல சேர்ந்தது வளநாடு. வளநாடுகள் பல சேர்ந்தது மண்டலம். மலாய் மொழியில் வழங்கும் ‘நெகிரி’ என்னும் சொல் ‘நகரி’ என்னும் வடசொல்லின் திரிபு. அதுவும் முற்காலத்தில் ஒரு தலைவரின் ஆட்சிக்கு உட்பட்ட சிறு நிலப்பிரிவையே குறித்தது. நெகிரி செம்பிலான் என்றால் ஒன்பது நாடுகள் என்று பொருள். பழைய வழக்கின்படி அவ்வொன்பதனுள் கிள்ளானும் ஒன்றாக எண்ணப்பட்டது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. இன்று சிலாங்கூரின் அரச நகராக விளங்கும் கிள்ளான் ஒரு காலத்தில் நெகிரி செம்பிலான் கணக்கிலும், இன்று நெகிரி செம்பிலானில் உள்ள லுக்குட் ஒரு காலத்தில் சிலாங்கூர்க் கணக்கிலும் இருந்தன.

சாலைகள் இல்லாத அக்காலத்தில் ஆறே சாலை. காட்டினுள் எடுக்கப்பட்ட ஈயம் படகேறி ஆற்றின் வழியாகவே கடலுக்கு வரவேண்டும். ஆதலால் ஆற்றுமுகத்தில் அமர்ந்திருந்த தலைவர் வரி தண்டினார். உள்நாட்டில் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. சிலாங்கூர் பெர்ணாம், சிலாங்கூர், கிள்ளான், லங்காட், லுக்குட் என ஐந்து ஆற்றுப் பகுதிகளாகப் பிரிந்திருந்தது. சுல்தானின் உறவினர் ஒவ்வொரு பகுதியையும் ஏறக்குறையத் தனியரசர் போலவே ஆண்டனர். சிலாங்கூர் அரச மரபினர் பூகிஸ் இனத்தவர். தெற்கே ரியாவ் தீவுகளில் இருந்த பூகிஸ் மரபினரோடு கொள்வினை கொடுப்பினை உடையவர்.

ராஜா ஜுமாட்

லுக்குட்டில் ஈயம் எடுக்கும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சீனர்களால் நடைபெற்று வந்தது. 1834இல் வரி பற்றிய பூசல் முற்றி, அப்பகுதித் தலைவராக இருந்த ராஜா பூசு கொல்லப்பட்டார். அதன்பின் தொழில் தளர்ந்தது.

தளர்ந்த ஊரை நிமிர்த்தியவர் ராஜா ஜுமாட். இவர் ரியாவிலிருந்து வந்த ராஜா ஜாபாரின் மைந்தர். சிலாங்கூர் சுல்தான் முகம்மதுவின் மருமகர். சிலாங்கூர் அரச குடும்பம் ஈய லம்பங்களில் முதலிட்டுத் தோல்வியுற்று, மலாக்கா வணிகர்களிடம் கடன்பட்டிருந்தது. அக்கடன் தீர உதவியதற்குக் கைம்மாறாக 1846இல் லுக்குட் ராஜா ஜுமாட்டின் குடும்பத்துக்கு அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே குன்றின்மீது கோட்டை ஒன்று எழுந்தது. ‘யானை இறந்த குன்று’ என்று பொருள்படும் புக்கிட் காஜா மாத்தியில் அக்கோட்டையின் எச்சங்களை இன்றும் காணலாம்.

ராஜா ஜுமாட் மலாக்கா வணிகர்களின் நம்பிக்கையைப் பெற்றார். சுரங்கத்துக்கு முதல் வேண்டும். முதல் தருவோர்க்கு ஒழுங்கான ஆட்சி வேண்டும். இவ்விரண்டின் தொடர்பையும் அவர் நன்கு உணர்ந்திருந்தார். அதனால் காவலையும் வரித்தண்டலையும் முறைப்படுத்தினார். அந்நாளில் சிலாங்கூரின் ஐந்து பகுதிகளுள் சிறந்த ஆட்சியும் மிகுந்த வருவாயும் உடையதாக லுக்குட் விளங்கியது. 1857இல் சுல்தான் முகம்மது மறைந்தபொழுது, அப்துல் சமாட் அரியணை ஏறுவதற்கு ராஜா ஜுமாட்டும் அவருடைய உடன்பிறந்தார் ராஜா அப்துல்லாவும் துணைநின்றனர்.

எண்பத்தெழுவர்

இந்த ராஜா அப்துல்லாவே கிள்ளானுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர். 1850களில் அவர் கட்டிய பண்டகசாலை கிள்ளான் நகரில் இன்றும் நிற்கிறது. கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் ஈயம் இருப்பதை அறிந்த அவர் தமையனின் துணையை நாடினார். மலாக்கா வணிகர்களான சீ யாம் சுவான், லிம் சே ஹோ ஆகிய இருவரிடமிருந்து 30,000 வெள்ளி முன்பணம் பெறப்பட்டது. 1857இல் லுக்குட்டிலிருந்து 87 சீனத் தொழிலாளர் புறப்பட்டனர்.

கிள்ளானிலிருந்து படகில் ஆற்றை எதிர்த்துச் சென்ற அவர்கள் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கினர். அதற்கு மேல் படகு செல்லாது. காட்டின் வழியே நடந்து அம்பாங்கை அடைந்தனர். சில திங்களுக்குள் காய்ச்சல் அவர்களுள் 69 பேரைக் கொண்டுசென்றது. எஞ்சியவர் 18 பேரே. ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை. மேலும் 150 பேர் அனுப்பப்பட்டனர், ஈயம் கிடைத்தது. படகு நின்ற ஆற்றுக்கூடலில் கடைகள் தோன்றின. அக்கடைத்தெருவே கோலாலம்பூர்.

கடை வைத்தவர்களும் அயலார் அல்லர். கோலாலம்பூரின் முதல் சீனக் காப்பித்தான் எனப்படும் ஹியூ சியூ, லுக்குட் பகுதியில் தொழில் நடத்தியவர். பின்னாளில் மூன்றாம் காப்பித்தானாகி நகரை வளர்த்த யாப் ஆ லோய், இளமையில் லுக்குட் லம்பம் ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். சுங்கை ஊஜோங்கில் சில காலம் இருந்த பின்னர், 1862இல் அவர் கோலாலம்பூருக்கு வந்தார். கூர்ந்து நோக்கின், லுக்குட் தன் ஆட்களையும் தன் அனுபவத்தையும் கோலாலம்பூருக்குக் கொடுத்தது. கொடுத்த பின்னர் தானே தேய்ந்தது எனலாம். 1864இல் ராஜா ஜுமாட் காலமானார். அவருக்குப் பின் அவர் மைந்தர் ராஜா போட் தலைவரானார். புதிய லம்பங்கள் வடக்கே பெருகப் பெருக, தெற்கே லுக்குட்டின் வருவாய் குறைந்தது.

போரும் புதிய ஆட்சியும்

கிள்ளான் மருமகருக்கு அளிக்கப்பட்டதைச் சுல்தான் முகம்மதுவின் பேரர் ராஜா மஹாடி பொறுத்துக்கொள்ளவில்லை. தம் தந்தை ராஜா சுலைமானுக்கு உரியதாயிருந்த கிள்ளான் தமக்கே உரியது என்பது அவர் வழக்கு. 1867இல் அவர் கிள்ளானைக் கைப்பற்றினார். அப்பூசல் ஏழாண்டுகள் நீடித்த சிலாங்கூர் உள்நாட்டுப் போராக விரிந்தது. கெடாவிலிருந்து வந்த தெங்கு கூடினும் யாப் ஆ லோயும் ஒருபுறம், ராஜா மஹாடியும் சையது மஷோரும் மறுபுறம் நின்றனர். 1872இல் கோலாலம்பூர் வீழ்ந்தது; மறு ஆண்டு பகாங் படையின் உதவியால் மீட்கப்பட்டது. முடிவில் வென்றவர் எவர் என்று கேட்பின், 1874இல் ஆலோசகர் என்ற பெயரோடு சிலாங்கூரில் கால்வைத்த பிரிட்டிஷாரே என்பது பொருந்தும். அதே ஆண்டில் சுங்கை ஊஜோங்கிலும் அவர்கள் ஆதிக்கம் நிலைபெற்றது.

கோடு கிழிக்கப்பட்ட விதம்

இரண்டு அண்டை நாடுகளும் ஒரே ஆலோசனையின் கீழ் வந்தபொழுது, எல்லை எங்கே என்னும் கேள்வி முதன்முறையாகக் கூர்மை பெற்றது. ஆற்றுமுகத்தில் வரி தண்டிய காலத்தில் தேவைப்படாத எல்லைக்கோடு, நிலத்துக்கு உரிமைச்சீட்டு வழங்கவும் காவல்நிலையம் அமைக்கவும் தொடங்கியதும் தேவையாயிற்று.

சுங்கை ஊஜோங்குக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அதன் ஈயம் லிங்கி ஆற்றின் வழியாகவே கடலுக்கு இறங்கியது. அவ்வாற்றின் கீழ்ப்பகுதியில் ரெம்பாவைச் சேர்ந்தோரும் பிறரும் அரண் அமைத்துப் படகுகளை நிறுத்தி வரி வாங்கினர். பல சச்சரவுகளுக்கு அதுவே மூலம். லுக்குட் கிடைத்தால் சுங்கை ஊஜோங்குக்குத் தடையற்ற கடற்கரை கிடைக்கும். மறுபுறத்தில் செமினி, பெரானாங் பகுதிகள் லங்காட் ஆற்று நீர்வழியோடு சேர்ந்தவை; அவை சிலாங்கூருக்கு ஏற்றவை.

இந்த அடிப்படையில் 1878இல் எல்லை உடன்பாடு ஏற்பட்டது. சிப்பாங் ஆறு எல்லையாயிற்று. ஆற்றுக்குத் தெற்கே உள்ள லுக்குட் சுங்கை ஊஜோங்குக்குச் சென்றது. செமினி, பெரானாங் பகுதிகள் சிலாங்கூருக்கு வந்தன. கைமாற்றம் 1880இல் நிறைவேறியது. தந்தை கட்டிய கோட்டையிலிருந்து ஆண்ட ராஜா போட்டுக்கு இது உவப்பாக இருக்கவில்லை. ஆயினும் அவரால் தடுக்க இயலவில்லை. இன்று கோலாலம்பூர் சௌகிட் பகுதியில் ஒரு சாலையும் சந்தையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அங்குக் காய்கறி வாங்குவோருள், அப்பெயருக்குரியவர் இழந்த நாடு எது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

எல்லை மாற்றங்களுக்குள் வேறுபாடு உண்டு. தமிழகத்தில் 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. 1960இல் திருத்தணி இணைந்தது. அங்கு மக்கள் பேசும் மொழி அளவுகோலாயிற்று. மக்கள் போராடவும் செய்தனர். லுக்குட்டில் மொழியும் கேட்கப்படவில்லை, மக்களும் கேட்கப்படவில்லை. ஆளுவோரின் வசதியும் ஆற்றின் போக்குமே அளவுகோலாயின.

அவ்வளவுகோலும் எங்கும் ஒரே சீராக இல்லை என்பதற்கு லுக்குட்டுக்குத் தெற்கேயுள்ள தஞ்சோங் துவான் முனையே சான்று. கலங்கரை விளக்கம் அமைக்கும்பொருட்டு 1860இல் சுல்தான் அப்துல் சமாட் அதனைப் பிரிட்டிஷாருக்குக் கொடுத்தார். லுக்குட் கைமாறியபொழுது அம்முனை கைமாறவில்லை. அதனால் நாற்புறமும் நெகிரி செம்பிலானின் நிலமும் கடலும் சூழ்ந்திருக்க, அச்சிறு முனை மட்டும் இன்றளவும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்ததாக உள்ளது.

கோட்டின் இருபுறத்தும் தமிழர்

தமிழர் இப்பகுதிகளில் பெருந்தொகையினராகக் குடியேறியது எல்லைக்கோடு கிழிக்கப்பட்ட பின்னரேயாகும். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886இல் இரயில்பாதை திறக்கப்பட்டது. சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே 1891இல் மற்றொரு பாதை திறக்கப்பட்டது. லுக்குட்டின் கடற்கரையைப் பெற்ற பயனைச் சுங்கை ஊஜோங் இந்த இரண்டாம் பாதையால் அடைந்தது. ஈயம் புதிய துறைமுகத்துக்குச் சென்றது. பழைய லுக்குட் ஒதுங்கியது. பாதை போட்டதிலும், பின்னர்க் காப்பியும் பால்மரமும் நட்டதிலும் தமிழரின் உழைப்பு பெரிது. பிரிக்பீல்ட்சில் இரயில்வே குடியிருப்புகள் எழுந்தன. கிள்ளானைச் சுற்றியும் போர்ட் டிக்சனைச் சுற்றியும் தோட்டங்கள் விரிந்தன. 1895இல் சுங்கை ஊஜோங்கும் பிற நாடுகளும் ஒன்றாகி இன்றைய நெகிரி செம்பிலான் உருவாயிற்று. 1896இல் நான்கு மாநிலங்கள் கூட்டரசாக இணைய, கோலாலம்பூர் அதன் தலைநகராயிற்று.

மாநில எல்லை நிலப்படத்தில் உள்ள வெறுங்கோடு என்று எண்ணிவிடுதல் கூடாது. மலேசிய அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஒரு தமிழ்ப்பள்ளிக்கு மனை வேண்டுமாயினும், தோட்டத்துக் கோயிலுக்கு உரிமைச்சீட்டு வேண்டுமாயினும், எந்த மாநில அரசை அணுகுவது என்பதை அக்கோடே முடிவு செய்கிறது. சிப்பாங் ஆற்றின் வடகரையில் உள்ளவர் ஷா ஆலாமை நோக்க வேண்டும். தென்கரையில் உள்ளவர் சிரம்பானை நோக்க வேண்டும். 1878இல் ஈயப்படகுகளின் வசதிக்காக முடிவான எல்லை, ஈயமும் படகும் மறைந்த பின்னரும் மக்கள் வாழ்வைப் பகுத்துக்கொண்டே இருக்கிறது.

1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூரே சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. 2001இல் புத்ராஜெயாவும் அவ்வாறே பிரிந்தது. இன்று பிரிக்பீல்ட்ஸ் ஓர் ஆட்சியிலும் கிள்ளான் வேறோர் ஆட்சியிலும் உள்ளன. ஒரே ஆற்றின் கரையில் ஒரே காலத்தில் வளர்ந்த இவ்விரண்டு இடங்களின் கதையைத் தனித்தனியே சொன்னால் இரண்டும் குறைபடும். லுக்குட்டுக்கு நேர்ந்த குறை அதுவே. சிலாங்கூர் வரலாறு எழுதுவோர்க்கு அது அயல் மாநிலத்து ஊர். நெகிரி செம்பிலான் வரலாறு எழுதுவோர்க்கு அது பின்னர் வந்து சேர்ந்த ஊர்.

ஆதலின், இவ்வட்டாரத்து வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், இன்றைய மாநில எல்லையோடு நிலப்படத்தை மடித்துவிடாமல், கிள்ளான் ஆற்றையும் லங்காட் ஆற்றையும் தாண்டிச் சிப்பாங் ஆற்றுக்கு அப்பாலும் விரித்துக் காட்டுதல் நன்று. அம்பாங் காட்டில் மடிந்த 69 பேரின் பெயர் தாங்கிய சாலை எதுவும் கோலாலம்பூரில் இல்லை. அவர்கள் புறப்பட்ட ஊரின் பெயரையேனும் அந்நகரில் பயிலும் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.