பண்ணை வீட்டில் மெஷ் வைஃபை: கம்பெனி ரவுட்டருடன் இணைக்கும் முறை

இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டர் வீட்டின் முன்கூடத்தில் இருக்கும். பின்கட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அதன் வைஃபை எட்டாது. சினைப் பசு கன்று ஈனும் இரவில் கொட்டகைக் கேமரா நின்றுவிடும். இக்குறையைப் போக்க மெஷ் வைஃபைப் பெட்டிகளை வாங்குவோர் பலர். ஆனால் கம்பெனி ரவுட்டருடன் அவற்றைச் சேர்க்கும் முறை அறியாமல் பூட்டினால், செலவழித்த பணத்துக்கு உரிய பலன் கிடைக்காது.

வாங்குமுன் சோதனை

மெஷ் என்பது ஒரே பெயரில் இயங்கும் இரண்டு, மூன்று வைஃபைப் பெட்டிகளின் தொகுதி. தலைப்பெட்டி கம்பெனி ரவுட்டருடன் ஒயரால் இணையும். மற்றவை அதிலிருந்து கம்பியில்லாமல் அலையை வாங்கி அடுத்த இடத்துக்குக் கொடுக்கும். இது எட்டும் தூரத்தைக் கூட்டுமே தவிர, கம்பெனி தரும் வேகத்தைக் கூட்டாது. ஆகவே முதலில் ரவுட்டரின் அருகில் நின்று போனில் வேகத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயே வேகம் இல்லையென்றால் கோளாறு கம்பெனி இணைப்பில் உள்ளது. மெஷ் வாங்கிப் பயனில்லை.

ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில் உயரமாக வைத்துப் பார்ப்பதும் நல்லது. சில வீடுகளில் இதுவே போதும்.

இரண்டு நீர்க்கட்டி கூடாது

ஒரு ஏரிக்கு இரண்டு நீர்க்கட்டிகள் தனித்தனியே மடை திறந்தால் பாசனம் குழம்பும். இங்கும் அப்படியே. போன், கேமரா, டி.வி. ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் கொடுப்பது ரவுட்டரின் வேலை. மெஷ் தலைப்பெட்டியும் ஒரு ரவுட்டரே. இரண்டையும் அப்படியே இணைத்தால் இரண்டும் முகவரி கொடுக்கத் தொடங்கி, ஒரே வீட்டில் இரண்டு வலைகள் உண்டாகும்.

இன்டர்நெட் பெரும்பாலும் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகையால் தவறு உடனே தெரியாது. பழைய வைஃபையில் உள்ள போனால் புதிய வைஃபையில் உள்ள பிரிண்டரை அல்லது கேமராப் பதிவுப் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியாதபோதுதான் தெரியவரும். இரண்டும் ஒரே வரிசை எண்களைக் கொடுத்தால் இணைப்பு அடியோடு நிற்பதும் உண்டு. எனவே முகவரி கொடுக்கும் பொறுப்பை ஒன்றிடம் மட்டுமே விட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி: கம்பெனி ரவுட்டர் தன் வேலையைத் தொடரும், மெஷ் பெட்டிகள் வைஃபை மட்டும் கொடுக்கும். இதற்கு ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று பெயர். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சுலபமானது.

1. கம்பெனி ரவுட்டரின் ‘லேன்’ துவாரத்திலிருந்து மெஷ் தலைப்பெட்டிக்கு ஒயர் கொடுக்கவும்.

2. மெஷ் பெட்டிக்குரிய போன் செயலியில் ஆக்சஸ் பாயின்ட் மோடைத் தேர்ந்தெடுக்கவும்.

3. இணைப்பு வந்ததும் கம்பெனி ரவுட்டரின் வைஃபையை மட்டும் அணைக்கவும். ரவுட்டரை அணைக்கக் கூடாது.

4. பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மெஷ்ஷுக்கு அப்படியே கொடுக்கவும். கேமராவும் போன்களும் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

சில கம்பெனிகளின் மெஷ் தொகுதிகளில் இந்த மோடில் ஒரு பெட்டி மட்டுமே இயங்கும். இதைக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இரண்டாம் வழி: கம்பெனிப் பெட்டியைப் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றி, முகவரிப் பொறுப்பை மெஷ்ஷிடம் கொடுப்பது. இதைக் கம்பெனி ஆள் மூலமே செய்துகொள்வது நல்லது. இணைப்புக்கான பயனர் பெயரும் பாஸ்வேர்டும் தேவைப்படலாம். முன்னதாகவே வாங்கிக் குறித்து வைக்கவும். அதே பெட்டியில் வீட்டுத் தொலைபேசி ஓடினால் அது நின்றுபோகக்கூடும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு முதல் வழியே ஏற்றது.

பெட்டி வைக்கும் இடம்

அலை எட்டாத கொட்டகையிலேயே இரண்டாவது பெட்டியை வைப்பது பலரும் செய்யும் தவறு. வாங்குவதற்கே அலை இல்லாத பெட்டி எதைக் கொடுக்கும்? தலைப்பெட்டிக்கும் கொட்டகைக்கும் நடுவில், அலை நன்றாக உள்ள இடத்தில் வைக்க வேண்டும். தகரக் கூரை, கான்கிரீட் சுவர், தண்ணீர்த் தொட்டி, அடர்ந்த வாழைத் தோட்டம் ஆகியவை அலையைத் தடுக்கும்.

5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, தூரம் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதைவிடத் தூரம் போகும். கேமரா, மோட்டார் சுவிட்ச் போன்ற பல சாதனங்கள் 2.4-ல் மட்டுமே வேலை செய்யும் என்பதால், அதை அணைத்துவிடக் கூடாது.

பெட்டிகளுக்கிடையே லேன் ஒயர் இழுத்தால் வேகம் குறையாது. 100 மீட்டர் வரை இழுக்கலாம். ஆனால் வெட்டவெளியில் தொங்கும் செம்பு ஒயர் வழியாக மின்னல் தாக்கிப் பெட்டிகள் எரியக்கூடும். மேகம் திரண்டதுமே ஒயரைக் கழற்றிவிடவும். வீட்டுக்குள் வைக்கும் பெட்டியை மழைச்சாரல் படும் இடத்தில் வைக்கக் கூடாது. மின்வெட்டின்போதும் கேமரா ஓட வேண்டுமானால் கம்பெனி ரவுட்டர், மெஷ் பெட்டிகள், கேமரா எல்லாவற்றுக்கும் பேட்டரி வசதி தேவை.

எட்டாத தூரம்

பல நூறு மீட்டர் தள்ளியுள்ள கிணற்று மோட்டாருக்கு வீட்டு மெஷ் உதவாது. அதற்குச் சிம் கார்டில் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டரே சிக்கனம்.

முகவரி கொடுப்பது ஒன்று, நடுவிடத்தில் பெட்டி என்ற இரண்டையும் கவனித்தால், கொட்டகைப் பசுவைக் கூடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.