மூன்றாவது துளை

பழைய வீடு, புதிய சாவி – 7

வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் சுவருக்குள் போவோம்.

நாற்பது, ஐம்பது வருடப் பழைய வீட்டை வாங்கி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, மாடுலர் சுவிட்ச் மாட்டி, ஃபால்ஸ் சீலிங் போட்டு விற்பது இன்று சென்னையிலும் கோவையிலும் ஒரு தொழில். தரை புதிது, குழாய் புதிது. வயர் மட்டும் பல வீடுகளில் பழையதுதான். அதை மாற்றச் சுவரை வெட்ட வேண்டும். அதற்கு ஆகும் செலவு, வாங்க வருபவர் கண்ணில் படாது.

என்னை அதிகம் அச்சுறுத்துவது, பளபளக்கும் சாக்கெட்டின் மேல் இருக்கும் பெரிய துளை. அது எர்த்துக்கானது. மரச்சட்டத்தின் மேல் வயரிங் ஓடிய காலத்து வீடுகளில் பல பாயின்ட்டுகளுக்கு எர்த் வயரே கிடையாது. அங்கே மூன்று பின் சாக்கெட் மாட்டுகிறவர் எர்த் இழுக்க மெனக்கெடாமல், பின்புறத்தில் விரல் நீள வயரால் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடுகிறார். ஃபிரிட்ஜ் நன்றாக ஓடும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பைப் பிடித்தால் பிரகாசமாக எரியும். சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்குச் சோதனைக் கருவியும் எல்லாம் சரி என்றே காட்டும்.

எங்கோ ஒரு போர்டில் நியூட்ரல் வயர் கழன்றால் போதும். ஃபிரிட்ஜுக்குள் போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல், அந்த விரல் நீள வயர் வழியாக இரும்பு உடம்புக்கு ஏறிவிடும். 230 வோல்ட். ஈரக்காலோடு வந்து கதவைத் தொடுபவர் வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும். எர்த்தே இல்லாத சாக்கெட்டைவிட இது கொடியது. உயிரைக் காப்பதற்காக வைத்த அந்த எர்த் பின்னே ஷாக்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அறியாமல் செய்த தவறு என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எர்த் இல்லை என்று தெரிந்ததால்தானே அந்தத் துண்டு வயரை வைத்தார்?

மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கொண்டு சாக்கெட்டுகளைக் கழற்றிப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. சமையலறையிலும் குளியலறையிலும் ஒன்றைக்கூட விட வேண்டாம்.

கூடவே, எர்த் குழி எங்கே என்று விற்பவரைக் கேளுங்கள். உப்பும் கரியும் போட்டு வாசலில் புதைத்த அந்தப் பைப், கார் நிறுத்த டைல்ஸ் பதிக்கும்போது துண்டிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் வீடு முழுக்கப் பச்சை எர்த் வயர் ஓடியும் பயனில்லை.

அடுத்து, வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பாக்ஸ். உள்ளே 32 ஆம்பியர் எம்.சி.பி. புதிதாக இருக்கும், அதிலிருந்து கிளம்பும் வயரோ விளக்குக்காக அன்று இழுத்த ஒன்-எய்ட்டீன் என்னும் மெல்லிய வயராக இருக்கும். எம்.சி.பி. காப்பது வயரை. மெல்லிய வயருக்குப் பெரிய எம்.சி.பி. போட்டால், அது விழுவதற்குள் வயர் வெந்துவிடும். 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதோடு இன்டக்ஷன் அடுப்பையும் அதே வயரில் போட்டால் மின்னோட்டம் இரண்டு மடங்காகும், வயரில் எழும் வெப்பமோ நான்கு மடங்காகும். பழைய அலுமினிய வயரைப் புதிய செம்பு வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தால், முதலில் கருகுவது அந்த இணைப்புதான்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால் உடனே போடுங்கள். உடம்பு வழியாக மின்சாரம் தரைக்குப் போனால் நொடிக்கும் குறைவான நேரத்தில் அது துண்டித்துவிடும். ஆனால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுந்ததும் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பட்டன் சோதிப்பது அந்தக் கருவியை மட்டுமே.

வயர் உறையின் நிலையை அறிய 500 வோல்ட் மெக்கர் சோதனை வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை மாற்றியாக வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரிக்கல் ஒப்பந்ததாரரை அழைத்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ரீவயரிங் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்க அதுதான் நேரம். சாக்கெட்டைக் கழற்றவே விடமாட்டேன் என்று விற்பவர் மறுத்தால், வேறு வீடு பாருங்கள்.

(தொடரும்)