வீட்டிலேயே டயாலிசிஸ்: பை மாற்றும்போது ஃபேனை அணைத்துவிட்டீர்களா?

கடத்தூரின் கோடை மதியத்தில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால், வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீட்டில், பை மாற்றும்போது முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான்.

சி.ஏ.பி.டி. எனப்படும் இந்த முறையில், வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக சுமார் 2 லிட்டர் திரவம் உள்ளே போகும். வயிற்றின் உள்சவ்வே வடிகட்டியாக வேலை செய்யும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதுப் பை மாட்ட வேண்டும். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இந்தப் பைகளும் வீடு தேடி வருகின்றன.

ஒரு நாளைக்கு 4 முறை என்றால் வருடத்துக்கு 1,460 முறை குழாயைத் திறக்கிறோம். மூடியைக் கழற்றி மாட்டும் அந்தச் சில நொடிகளில்தான் கிருமி நுழைகிறது. பெரும்பாலும் நம் கையில், மூக்கில் இருக்கும் கிருமியே!

அதனால் ஜன்னல், கதவு மூடியிருக்கட்டும். பூனை, நாய் அறைக்குள் வேண்டாம். நோயாளி, உதவுபவர் இருவருக்கும் மாஸ்க். சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகு தோள் துண்டிலோ முந்தானையிலோ துடைத்தால், கழுவியதே வீண். சுத்தமான டிஷ்யூ பேப்பரில் துடைக்கலாம். பையைச் சுடுநீரில் போட்டுச் சூடாக்குவதும் ஆபத்து. ஈரத்தோடு கிருமியும் ஒட்டிக்கொள்ளும். குழாயின் நுனி எதிலாவது பட்டுவிட்டால் மாட்டவே கூடாது. கிளாம்ப்பை மூடிவிட்டு, சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள்.

குழாய் வெளியே வரும் இடத்தைத் தினமும் பாருங்கள். சிவப்பு, வீக்கம், சீழ் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். கிணற்றுக் குளியல், ஒகேனக்கல் குளியல் இரண்டுக்கும் தடா. ஆசைதான், என்ன செய்வது!

வடிந்த திரவப் பையைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாக இருந்தாலோ, வயிற்றுவலி, காய்ச்சல் வந்தாலோ 'காலையில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். தொற்று முற்றினால் சவ்வு கெடும், குழாயையே எடுக்க நேரிடும். பிறகு வாரம் 3 நாள் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறி, ரத்த டயாலிசிஸ்தான்.

புறப்படும்போது, அந்தக் கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதைப் பரிசோதித்துத்தான் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று முடிவு செய்வார்கள்.