களைப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்

கல்நார் தூசியால் நுரையீரல் உறையில் உண்டாகும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் உள்ளவர்களுக்கு மூச்சிளைப்பு ஏற்பட்டால், நெஞ்சில் கோத்த நீரே காரணம் எனக் குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. நீரை அகற்றிய பின்னும் இளைப்பும் சோர்வும் நீடித்தால், இரத்தசோகையையும் ஐயுற வேண்டும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைவாக இருப்பதே இரத்தசோகை.

இதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. முதலாவது, நோயினால் நீடிக்கும் அழற்சி. அப்போது கல்லீரல் ஹெப்சிடின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கிறது; அது உடலின் இரும்புச்சத்தைச் சேமிப்பிலேயே முடக்கிவிடுகிறது. குதிரில் நெல் இருந்தும் உலை ஏறாத நிலை இது. ஆகவே, தாமாக வாங்கி உண்ணும் இரும்புச்சத்து மாத்திரைகள் பெரும்பாலும் பயன் தருவதில்லை.

இரண்டாவது, பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் எலும்பு மஜ்ஜையின் பணியைத் தற்காலிகமாகக் குறைப்பது. பெமெட்ரெக்ஸெட்டுடன் ஃபோலிக் அமில மாத்திரையும் வைட்டமின் பி12 ஊசியும் அளிப்பது இப்பாதிப்பைத் தணிக்கவே, அவற்றைத் தவறவிடலாகாது.

கருநிற மலம், மயக்கம், ஓய்விலும் மூச்சுத்திணறல், சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். "இந்த நோய்க்கு இப்படித்தான் இருக்கும்" என்று களைப்பை மறைக்காதீர்கள். நோய் முழுதும் நீங்காதபோதும், இரத்தசோகையைச் சீராக்கினால் நாலடி நடக்கவும் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணவும் தெம்பு கிடைக்கலாம்.