தார்த் தளத்தைச் சுரண்டும் செலவு: அங்கத்தினர் அறிய வேண்டியவை

ஒரு பொருளின் விலை என்ன என்று கேட்பது நல்ல பழக்கம். அவ்விலை எவற்றால் ஆனது என்று கேட்பது அதனினும் நல்ல பழக்கம். ஒரு புடவையின் விலையைக் கேட்டால் நூல், சாயம், சரிகை, கூலி என்று நம் நெசவாளர் பிரித்துச் சொல்வர். ஒரு மூட்டை மணிலாவின் விலையை விதை, உரம், ஆட்கூலி, வண்டிக் கூலி என்று நம் விவசாயிகள் பகுத்துக் காட்டுவர். ஆனால் வீட்டு முற்றத்திலோ கிடங்கு வாசலிலோ பழந்தார்த் தளத்தைச் சுரண்டியெடுக்க வேண்டி வரும்போது, ‘சதுர அடிக்கு எவ்வளவு?’ என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். அக்கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் நம்மை வழிதவறச் செய்வதாகும். ஆகவே இச்செலவின் கூறுகளை இங்கே ஆராய்வோம்.

பாலவாக்கம் காட்டும் பாடம்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த பாலவாக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே இவ்வூர் உள்ளது. ஊராட்சியாக இருந்த இது 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தோப்பும் மணலுமாக இருந்த இடங்கள் வீடுகளாயின. மணற்பாதைகள் தார்த் தெருக்களாயின.

தார்த் தெரு பழுதுபட்டால், பழைய தளத்தின் மீதே புதிய தளத்தைப் போடுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஒரு முறைக்கு 40 மில்லிமீட்டர் என்று கொண்டாலும், நான்கு முறையில் 160 மில்லிமீட்டர், அதாவது அரை அடிக்கு மேல், தெரு உயர்ந்துவிடுகிறது. வீடு உயர்வதில்லை. முன்னர் படியேறிச் சென்ற வாசலுக்குப் பின்னர் படியிறங்கிச் செல்ல நேர்கிறது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த மழையிலும், தெருவைவிடத் தாழ்ந்த வீடுகள் எவ்வளவு துன்புறும் என்பதைச் சென்னை மக்கள் கண்டனர். வீட்டையே ஜாக்கி வைத்து உயர்த்துவோரும் உளர். அதற்காகும் பெரும் பொருளோடு ஒப்பிட்டால், தளத்தைச் சுரண்டும் செலவு சிறிதே.

இது நகரத்தார்க்கு மட்டும் உரிய கவலையன்று. காஞ்சிபுரம் முதலிய நெசவூர்களில் குழித்தறி வைத்திருப்போர்க்குத் தெரு உயர்ந்தால் நேரும் கதி வேறு. மழைநீர் முதலில் தேடிச் செல்வது தறிக்குழியைத்தான். குழியில் நீர் ஊறினால் நெசவு நிற்கும். நெசவு நின்றால் கூலியும் நிற்கும். தானியக் கிடங்கின் வாசல் தாழ்ந்துபோனால் அடி வரிசை மூட்டைகள் கெடும்.

சுரண்டுதல் என்பது யாது?

‘மில்லிங்’ என்று ஒப்பந்தக்காரர் கூறுவது, பழந்தார்த் தளத்தின் மேற்பகுதியை அளவறிந்து சீவியெடுக்கும் வேலையாகும். சுழலும் உருளையொன்றில் பல்வரிசைகள் பொருத்தப்பட்டிருக்கும். பற்களின் நுனி டங்ஸ்டன் கார்பைடு எனும் கடினப் பொருளால் ஆனது. உருளை சுழலும்போது தளம் துகளாகப் பெயர்ந்து, பெரிய இயந்திரங்களில் கடத்துப் பட்டை வழியே லாரியில் விழுகிறது. பல் சூடேறாதிருக்கவும் புழுதி அடங்கவும் நீர் தெளிக்கப்படுகிறது. நெடுஞ்சாலைக்குரிய பெரிய இயந்திரம் ஏறக்குறைய 2 மீட்டர் அகலத்தை ஒரே ஓட்டத்தில் சீவும். குறுகிய தெருவிற்கும் முற்றத்திற்கும் அரை மீட்டர், ஒரு மீட்டர் அகலமுள்ள சிறிய இயந்திரங்களே ஏற்றவை.

செலவின் கூறுகள்

முதலாவது, இயந்திரத்தைக் கொண்டுவரும் செலவு. இவ்வியந்திரம் நெடுந்தொலைவு தானே ஓடி வருவதன்று; தாழ்தள லாரியில் ஏற்றி வந்து இறக்கி, மீண்டும் ஏற்றிச் செல்ல வேண்டும. சுரண்டும் இடம் நூறு அடியாயினும் பதினாயிரம் அடியாயினும் இச்செலவு மாறாது.

இரண்டாவது, வேலைச் செலவு: இயந்திர வாடகை, டீசல், ஓட்டுநர் கூலி, பல் தேய்மானம். சென்னையைச் சுற்றிக் கிடைக்கும் கருங்கல் ஜல்லி மிகக் கடினமானது. அது பற்களை விரைவில் தேய்க்கும். ஆழம் கூடினால் இச்செலவு கூடும். பாதாளச் சாக்கடை மூடிகளையும் குழாய் வால்வுகளையும் சுற்றி இயந்திரம் செல்லாது. அங்கே ஆட்களைக் கொண்டு உடைத்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, துகளை அப்புறப்படுத்தும் செலவு. நான்காவது, சுரண்டிய தளத்தைப் பெருக்கித் தூய்மை செய்து, பசைத்தார் தெளித்து, புதுத் தளம் போடும் செலவு. இந்நான்காவதே யாவற்றினும் பெரியது. ஆயினும் சுரண்டலுக்கென்று தனியே விலை கேட்போர் இதை மறந்து, பின்னர் வருந்துகின்றனர்.

ஒரு கிரவுண்டுக் கணக்கு

சென்னை வழக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அதில் 50 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டினால் 11 கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட பொருள் கிடைக்கும். இறுகிய தார்க்கலவையின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2.35 டன். எனவே மொத்தம் சுமார் 26 டன். பத்து டன் ஏற்றும் லாரிக்கு மூன்று நடை. இக்கணக்கை அறிந்தவரிடம் ஐந்து நடைக்குப் பணம் கேட்க எவரும் துணியார்.

இனி, இயந்திரத்தைக் கொண்டுவந்து திருப்பியனுப்ப ரூ. 20,000 ஆவதாக வைத்துக்கொள்வோம். இது கணக்கு விளங்குவதற்காகக் கொண்ட தொகையே, சந்தை விலையன்று. ஒரு கிரவுண்டுக்கு மட்டும் இயந்திரம் வந்தால், இத்தொகை சதுர அடிக்கு 8 ரூபாய் 33 காசாக ஏறும். அடுத்தடுத்த ஐந்து மனைக்காரர்கள் ஒரே நாளில் வேலையை வைத்துக்கொண்டால், 12,000 சதுர அடிக்கும் சேர்த்து அது 1 ரூபாய் 67 காசாகக் குறையும். சிறு முற்றத்திற்குச் சதுர அடி விலை ஏன் மிகுதியாகிறது என்பதற்கும், அதைக் குறைக்கும் வழி எது என்பதற்கும் இதுவே விடை.

1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியோர் அரிசியிலும் பருப்பிலும் கண்ட உண்மையும் இதுதான். தனியே வாங்குபவன் வண்டிக் கூலி முழுவதையும் சுமக்கிறான். சேர்ந்து வாங்குவோர் அதைப் பகிர்ந்துகொள்கின்றனர். அக்கொள்கை தார்த் தளத்திற்கும் பொருந்தும்.

துகளும் பொருளே

சுரண்டியெடுத்த துகளைக் குப்பையென எண்ணலாகாது. தார்க்கலவையில் நூற்றுக்கு ஐந்து பங்களவு தார் உண்டு. மேலே கண்ட 26 டன்னில் சுமார் 1.3 டன் தாரும், எஞ்சியதில் நல்ல ஜல்லியும் உள்ளன. பழந்தார்க் கலவையை மீண்டும் பயன்படுத்தும் முறைகளுக்கென்றே இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015-இல் நெறிமுறை நூலொன்றை வெளியிட்டுள்ளது. சங்கத்தின் வண்டிப் பாதைக்கு அடித்தளமாகவும், சேறாகும் வழிகளை இறுக்கவும் இத்துகள் உதவும். தானியம் உலர்த்தும் களத்தில் மட்டும் இதைப் பரப்புதல் கூடாது. துகள் யாருக்கு உரியது என்பதை முன்னரே பேசிக்கொள்ளல் வேண்டும். ஒப்பந்தக்காரரே எடுத்துக்கொள்வதாயின் அதன் மதிப்பைக் கூலியில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம்.

ஒப்புக்கொள்ளுமுன் கேட்க வேண்டியவை

முதலில், தளத்தின் கனம் என்ன என்பதை ஓரிரண்டு இடங்களில் தோண்டிப் பார்த்தல் வேண்டும். தார் ஓர் அங்குலமே இருக்க, இரண்டு அங்குலம் சுரண்டச் சொன்னால் அடியிலுள்ள ஜல்லித் தளமும் குலையும். அடித்தளமே அமிழ்ந்திருந்தால் மேலே சுரண்டுவது வீண். அடியிலிருந்தே சீர்செய்தாக வேண்டும்.

அடுத்து, விலைப்பட்டியலில் ஆழம், பரப்பு, கொண்டுவரும் செலவு, லாரி நடை, பெருக்குதல், வரி ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்றும் கேட்டறிதல் வேண்டும்.

சுரண்டியபின் எத்தனை நாளில் புதுத் தளம் போடப்படும் என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும். வரிவரியாகச் சுரண்டப்பட்ட தரையும், துருத்தி நிற்கும் சாக்கடை மூடிகளும் இருசக்கர வண்டிக்காரர்க்கு இடர் விளைப்பன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால், கோடையிலேயே இவ்வேலையை முடித்துக்கொள்வது நலம்.

பொதுத் தெரு யார் பொறுப்பு?

இதுவரை கூறியவை சொந்த மனைக்கும் சங்கத்தின் இடத்திற்கும் உரியவை. பொதுத் தெருவைச் சுரண்டும் செலவு உள்ளாட்சியையோ நெடுஞ்சாலைத் துறையையோ சார்ந்தது. வீட்டுக்காரர் அதற்குப் பணம் தர வேண்டியதில்லை. பழைய தளத்தைச் சுரண்டியெடுத்து, அதே கனத்திற்கே புதுத் தளம் போட வேண்டும், சாலை மட்டம் உயரலாகாது என்று 2021-ஆம் ஆண்டில் அன்றைய தலைமைச் செயலாளர் திரு. வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அதனைத் துணையாகக் கொண்டு அங்கத்தினர் தம் உரிமையைக் கேட்கலாம்.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. வேலை தொடங்குமுன் சுற்றுச்சுவரில் தெரு மட்டத்திற்கு ஒரு கோடு வரைந்து, வாசற்படிக்கும் தெருவிற்கும் உள்ள உயரத்தை அளந்து, தேதியோடு குறித்து வைக்க வேண்டும். வேலை முடிந்தபின் மீண்டும் அளந்தால் உண்மை விளங்கிவிடும். ஒரு வீட்டார் மட்டும் இவ்வளவைக் காட்டினால் அது ஒருவர் குறையாகக் கருதப்படும். தெருவிலுள்ள எல்லா வீட்டாரும் தத்தம் அளவுகளை ஒரே மனுவில் சேர்த்துக் கொடுத்தால் அது ஊர்க் கோரிக்கையாகும்.

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பர் நம் பெரியோர். அடுத்த கோடை வருமுன், ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினரில் எவரெவர்க்கு இவ்வேலை தேவை என்று பட்டியல் எடுத்து, ஒரே விலைப்பட்டியல் கோரி, ஒரே இயந்திரத்தை வரவழைக்க முற்படுமாயின் பொருளும் மிஞ்சும், வாசலும் உயர்ந்தே நிற்கும், தறிக்குழியும் காய்ந்திருக்கும்.