தூவியின் மூலமறிதலும் ஆலைகளுக்கு நற்சான்று வழங்கலும்

வாத்தின் மார்பிலுள்ள மேல் இறகுகளை விரலால் விலக்கிப் பார்த்தால், அவற்றின் அடியில் பஞ்சு போன்ற மற்றோர் அடுக்குத் தென்படும். இதுவே தூவி எனப்படுவது. மேல் இறகுக்கு நடுவே விறைப்பான தண்டு உண்டு. அதன் இருபுறமுமுள்ள இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்து தகடு போல் நிற்கின்றன. தூவிக்கு அத்தகைய தண்டு இல்லை. சிறு முளையொன்றிலிருந்து மெல்லிழைகள் எல்லாத் திசைகளிலும் விரிகின்றன. அவை பிணையாமல் தமக்கிடையே காற்றைத் தேக்கி வைக்கின்றன. அசையாது நிற்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகையால், குளிர்ந்த நீரில் நீந்தும் பறவையின் உடற்சூடு வெளியேறாமல் காக்கப்படுகிறது. கைப்பூதக்கண்ணாடி ஒன்றும் சந்தையிற் கிடைக்கும் வாத்து இறகும் இருந்தால் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை வகுப்பில் எளிதாகக் காட்டலாம்.

தூவியைப் படுக்கைக்குப் பயன்படுத்துவது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பப்பட்டிருந்ததாகக் கூறப்படுகிறது. துணையோடு கூடிய அன்னத்தின் தூவி என்று அதன் மூலத்தையும் அப்பாட்டு குறித்துச் செல்வது கவனிக்கத்தக்கது. திருவனந்தபுரத்தின் வெப்பத்தில் வாழ்வோர்க்கு இப்பொருளின் அருமை எளிதில் விளங்காது. பனிமலை ஏறுவோரின் மேலங்கி, உறக்கப்பை, குளிர்நாட்டுப் போர்வை ஆகியவற்றுக்கு இதனினும் இலேசான வெப்பக்காப்பு கிடைப்பது அரிது. ஓர் அவுன்ஸ் தூவி அளவுக் குழாயொன்றில் எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதைக் கொண்டு வணிகர் அதன் தரத்தை மதிப்பிடுகின்றனர்.

உலகச் சந்தைக்கு வரும் தூவியின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. ஹங்கேரி, போலந்து முதலிய நாடுகளிலும் இத்தொழில் நெடுங்காலமாக நடைபெறுகிறது. இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட வாத்து, கூஸ் வாத்து ஆகியவற்றின் உடலிலிருந்து எடுப்பதே பெருவழக்கு. ஆயின் உயிருள்ள பறவையின் மார்பிலிருந்து பறித்தெடுக்கும் வழக்கமும் இருந்து வந்திருக்கிறது. பறித்த இடத்தில் மீண்டும் தூவி வளருமாகையால் ஒரே பறவையிடமிருந்து பலமுறை விளைச்சல் பெறலாம் என்பதே இதன் இலாபக் கணக்கு. பறவைக்கு நேரும் வலி, தோற்கிழிவு, இரத்தக்கசிவு ஆகியவை அக்கணக்கில் ஏறுவதில்லை. ஐரோப்பியக் கவுன்சில் 1999-ல் வெளியிட்ட பரிந்துரையில், உயிருள்ள பறவையிடமிருந்து இறகையோ தூவியையோ பறித்தல் கூடாது என்று விதித்தது. இருந்தும் 2009-ல் சுவீடன் நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இவ்வழக்கத்தைப் படம்பிடித்துக் காட்டியபோது வாங்குவோர் திடுக்கிட்டனர்.

இதற்கு இடைப்பட்ட வழியொன்றும் கூறப்படுவதுண்டு. பறவை இறகுதிர்க்கும் பருவத்தில் தூவி தானே தளர்ந்திருக்கும். அப்போது வாரியெடுத்தால் வலி இராது என்பது அவ்வாதம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதனை 2010-ல் ஆராய்ந்தது. தளர்ந்த தூவியை மட்டும் எடுப்பது கொள்கையளவில் இயலும். ஆனால் ஒரு மந்தையின் பறவைகள் அனைத்தும், ஒரு பறவையின் உடற்பகுதிகள் அனைத்தும் ஒரே நாளில் அந்நிலையை அடைவதில்லை. எனவே விரைந்து செய்யும் வேலையில் தளராத தூவியும் சேர்ந்தே பறிக்கப்படும்.

இரண்டாவது குறை, வாத்தின் ஈரலைப் பருக்க வைப்பதற்காகத் தொண்டையில் குழாய் செலுத்தித் தீவனம் திணித்தல். அவ்வாறு பெற்ற ஈரலை இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2014-ல் தடை செய்தது. அப்பறவையின் ஈரல் ஒரு கடைக்கும் தூவி வேறொரு கடைக்கும் செல்வதால், போர்வை வாங்குபவர் தம்மை அறியாமலேயே அத்தொழிலுக்குத் துணைபோகக் கூடும்.

சோதனைச்சாலை கூறாத செய்தி

போர்வை ஆலைக்கு வந்த ஒரு மூட்டைத் தூவியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால், அது எந்த இனப் பறவையினுடையது, தூவி எத்தனை பங்கு, இறகு எத்தனை பங்கு, போதிய அளவு கழுவப்பட்டதா என்பனவற்றை அறியலாம். கழுவலை அறியும் முறை எளிது. 10 கிராம் தூவியை ஒரு லிட்டர் நீரில் குலுக்கி வடித்து, அந்நீரை அடியில் குறியிட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றுகின்றனர். குறி மறையும் வரை நீர்மட்டம் எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறதோ அத்தனைக்குத் தூவி தூய்மையானது.

ஆனால் பறவை உயிருடன் இருந்தபோது பறித்ததா, இறந்தபின் எடுத்ததா என்பதைக் கழுவி உலர்த்திய தூவியைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. மயிலிறகோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயிலின் தோகை இறகுக்கு விலக்களித்தது. தானே உதிர்வதைப் பொறுக்கலாம் என்பது அதன் கருத்து. தோகை இறகின் அடித்தண்டு பருத்தது. தானே உதிர்ந்ததாயின் அதன் முனை தூய்மையாக மூடியிருக்கும். பிடுங்கியதாயின் இரத்தமோ திசுவோ ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே தோகை இறகு தன் வரலாற்றை ஓரளவு தானே சொல்லும். தூவியின் முளையோ மிகச் சிறியது. கழுவலிலும் நீராவியிலும் அதன் அடையாளங்கள் அழிந்துவிடும். ஒரு வாத்துக்கு 20 கிராம் தூவி என்று வைத்துக்கொண்டால், 50 கிலோகிராம் மூட்டையில் 2,500 வாத்துகளின் தூவி கலந்திருக்கும். அவற்றுள் எது எங்கிருந்து வந்தது என்று மூட்டையைக் கேட்டுப் பயனில்லை. அது வந்த வழியைத்தான் கேட்கவேண்டும்.

நற்சான்றின் அமைப்பு

இவ்வடிப்படையில் எழுந்ததே தூவிக்கான நற்சான்று முறை. டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்சு என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு ‘ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்டு’ என்ற தரநிலையை 2014-ல் வெளியிட்டது. தரநிலையை வகுத்தவர்களே தணிக்கையும் செய்வதில்லை. வாங்குவோர், விற்போர் இருவருக்கும் புறம்பான நிறுவனங்கள் அதனைச் செய்கின்றன. உயிர்ப்பறிப்பு, இறகுதிர்ப் பருவத்தில் வாரல், தீவனத் திணிப்பு ஆகிய மூன்றும் அதில் விலக்கப்பட்டன. தீவனம், நீர், இடம், நோய்க்காப்பு, கொல்லும் முறை ஆகியவற்றுக்கும் விதிகள் உண்டு.

பண்ணை, இறைச்சிக்கூடம், கழுவிப் பிரிக்கும் ஆலை, தையல் ஆலை என்று தூவி எத்தனை கை மாறுகிறதோ அத்தனை இடங்களும் தணிக்கைக்கு உட்படுகின்றன. இடையில் ஓரிடம் விடுபட்டாலும் அதற்கு அப்பாலுள்ள சரக்கு சான்று பெற்றதாகாது. ஒவ்வோர் ஆலைக்கும் அதன் தகுதியைக் கூறும் சான்று ஒன்று. ஒவ்வொரு சரக்குக் கைமாற்றத்துக்கும் எடையும் தொகுதி எண்ணும் குறித்த தனிச்சான்று மற்றொன்று. பொருளிலுள்ள தூவி முழுவதும் சான்று பெற்றதாயிருந்தாலன்றி அதன்மேல் முத்திரை இடலாகாது.

தணிக்கையாளரின் கையிலுள்ள வலிய கருவி கூட்டல் கழித்தல் கணக்கேயாகும். எடுத்துக்காட்டாக, ஓர் ஆலை சான்று பெற்ற கச்சாச் சரக்கு 1,000 கிலோகிராம் வாங்கியதாகக் கொள்வோம். தூசியும் ஈரமும் 120, கழிவு 80, இறகு 600, தூவி 200 என்று அதன் புத்தகம் காட்டுகிறது. அதே காலத்தில் சான்றுபெற்ற தூவி 260 கிலோகிராம் விற்றதாகப் பட்டியல்கள் இருப்பின், மிகுந்த 60 எங்கிருந்து வந்தது? பறவையின் துயரத்தைக் கண்ணாற் காணாமலேயே இக்கேள்வியால் கலப்படத்தைப் பிடிக்கலாம். ஆலையில் சான்றுள்ள மூட்டையும் சான்றில்லாத மூட்டையும் தனித்தனி இடத்தில், தனித்தனிச் சீட்டுடன் வைக்கப்பட்டுள்ளனவா, ஒரே பொறியில் இரண்டையும் கழுவும்போது இடையில் பொறி துடைக்கப்படுகிறதா என்பவற்றையும் நேரிற் பார்த்தல் வேண்டும்.

இம்முறையிலும் இடைவெளிகள் உண்டு. இறைச்சிக்கு வளர்க்கும் பறவை இளமையிலேயே கொல்லப்படுகிறது. முட்டைக்காகப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் தாய்ப் பறவைகளிடமே மீண்டும் மீண்டும் பறிக்க வாய்ப்பு அதிகம். மேற்சொன்ன தரநிலை தாய்ப் பண்ணைத் தணிக்கையைக் கட்டாயமாக்காமல் விருப்பத்துக்கு விட்டிருந்தது பெருங்குறையே. மேலும், முன்கூட்டி அறிவித்து வரும் தணிக்கையாளர் காண்பது அந்நாளின் பண்ணையை மட்டுமே.

குட்டநாட்டு மந்தைகள்

இவையனைத்தும் சுவரும் கதவும் உள்ள பண்ணைகளை எண்ணி வகுக்கப்பட்டவை. திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள குட்டநாட்டில் நிலை வேறு. ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களில் பரந்துள்ள இத்தாழ்நிலத்தில் சாரா, செம்பல்லி என்னும் நாட்டு வாத்துகள் வளர்க்கப்படுகின்றன. நிரணத்தில் அரசின் வாத்துப் பண்ணையும் உள்ளது. ‘புஞ்ச’ எனப்படும் நெல் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அறுவடையானதும் (தமிழ்நாட்டின் புன்செய் வேறு, இது நீரை இறைத்து வடித்துப் பயிரிடும் நெல்), மேய்ப்போர் ஆயிரக்கணக்கான வாத்துகளை வயலில் இறக்குவர். சிந்திய நெல்லும் நத்தையும் பூச்சியும் அவற்றுக்கு உணவு. ஒரு வயல் தீர்ந்ததும் அடுத்த வயல். பின் லாரியேறித் திருச்சூரின் கோள் நிலங்களுக்கும் பாலக்காட்டுக்கும் தமிழ்நாட்டு வயல்களுக்கும் செல்வதுண்டு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாட்களை ஒட்டி இறைச்சிக்கு விற்பனையாகும்.

இம்மந்தைகளின் வாழ்க்கை, தரநிலைகள் கேட்கும் பல விதிகளை எழுதாமலேயே நிறைவேற்றுகிறது. நீந்த நீர், உலவ இடம், இயற்கை உணவு ஆகியவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் சான்று வழங்குபவர் முதலிற் கேட்பது, பண்ணை எங்கே என்பதாகும். குஞ்சு ஒருவரிடம், மேய்ச்சல் ஒருவரிடம், விற்பனை ஒரு தரகரிடம், கொல்வது தெருவோரக் கடையில் என்று கைமாறும் பறவைக்குப் பதிவு எதுவும் இல்லை. ஆகவே ஏட்டில் ஒழுங்காக உள்ள கூண்டுப் பண்ணைக்குச் சான்று எளிது. வயலில் உலவிய வாத்துக்கு அரிது. கருணையை அளக்கும் கருவி ஏட்டையே அளந்துவிட்டுப் போவது, இம்முறையை ஆராய்வோர் மறக்கலாகாத செய்தி.

பதிவு ஏற்றுமதிக்கு மட்டும் வேண்டுவதன்று. 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளில் பறவைக் காய்ச்சல் கண்டது. 2016-லும், 2021 ஜனவரியிலும், 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனை ஆகிய ஊர்களிலும் அது மீண்டும் தோன்றியது. மாதிரிகள் போபாலிலுள்ள தேசிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டு நோய் உறுதியானதும், சுற்றியுள்ள ஒரு கிலோமீட்டருக்குள் பறவைகள் அழிக்கப்பட்டு, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நடைபெறும். அப்போது களப் பணியாளர் விடை காணவேண்டிய வினாக்கள், தூவித் தணிக்கையாளர் கேட்பவையே: இம்மந்தை எங்கிருந்து வந்தது, இடையில் எந்த வயல்களில் இறங்கியது, எத்தனை பறவை, எவரிடம் விற்கப்பட்டது? 2021-ல் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாயும் அதற்குட்பட்ட குஞ்சுக்கு 100 ரூபாயும் இழப்பீடாக அறிவிக்கப்பட்டன. வயதும் எண்ணிக்கையும் எழுதி வைத்தவருக்கும் நினைவாற் சொன்னவருக்கும் அத்தொகையைக் கோருவதிலுள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

தூவியும் நோயைக் கடத்தக்கூடிய பொருளாதலால், கழுவியபின் 100 டிகிரி சென்டிகிரேடு நீராவியில் 30 நிமிடம் உலர்த்துதல், நோய்க்கிருமியை அழிக்கும் முறைகளுள் ஒன்றாக உலக விலங்கு நலவாழ்வு நிறுவனத்தின் விதிகளில் கூறப்பட்டுள்ளது. எந்த மூட்டை எந்த நாளில் அவ்வாறு உலர்த்தப்பட்டது என்பதற்கும் தொகுதி எண்ணே ஆதாரம்.

சிறு வளர்ப்போர் ஒவ்வொருவரும் தனித்தனியே தணிக்கைச் செலவைத் தாங்க இயலாது. இயற்கை வேளாண்மையில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. 2001-ல் தொடங்கிய தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தில் சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, தம்முள் தாமே பதிவும் சோதனையும் நடத்தி, வெளித் தணிக்கையாளர் மாதிரி முறையில் சிலரை மட்டும் பார்த்துச் சான்றளிக்கும் வழி ஏற்பட்டது. வாத்து வளர்ப்போரையும் வட்டாரவாரியாக இவ்வாறு சேர்த்தல் இயலாததன்று. குஞ்சு வாங்கிய நாள், எண்ணிக்கை, தடுப்பூசி, இறங்கிய வயல், இறப்பு, விற்ற நாள், வாங்கியவர் என ஏழு கட்டங்களுள்ள ஏடு ஒன்று மந்தையோடு செல்லுமாயின் தொடக்கத்துக்கு அது போதும். எழுத இயலாத மேய்ப்பருக்காகக் கால்நடை மருந்தகப் பணியாளரே மாதமிருமுறை அதனை நிரப்பலாம்.

ஆயின் தூவியால் மட்டும் இச்செலவு மீளும் என்று எவருக்கும் வாக்களித்தல் ஆகாது. மெல்லிய துணியினூடே நிறம் தெரியாமலிருக்க வெண்தூவியையே சந்தை விரும்பி வாங்குகிறது. சாராவும் செம்பல்லியும் கருமையும் பழுப்புமான இறகுள்ளவை. மேற்கு வங்காளத்தின் உலுபேரியாவில் பூப்பந்து செய்வோரும், ஒரு பந்துக்கு 16 வீதம், வெண்ணிற வாத்திறகையே நாடுகின்றனர். குட்டநாட்டில் ஏட்டின் முதற்பயன் நோய்க்காலத்திலும் இறைச்சிச் சந்தையிலுமே கிடைக்கும். தூவியின் விலை அதற்குப் பின்னரே.